மென்பொருளின் தரம்: தயாரிப்பாளரின் கணக்கும் பயனரின் தீர்ப்பும்

ஒரு மென்பொருள் தரமானதா என்பதை, அதைத் தயாரிப்பவர்கள் எண்களைக் கொண்டு அளக்கிறார்கள். அதைப் பயன்படுத்துபவர்களோ, தேவையான வேளையில் அது கைகொடுத்ததா என்பதைக் கொண்டு தீர்மானிக்கிறார்கள். இந்த இரண்டுக்கும் இடையிலான இடைவெளி எவ்வளவு பெரியது என்பதை 2024ஆம் ஆண்டு ஜூலை 19ஆம் தேதி உலகம் கண்டது.

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், ஆஸ்டின் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட கிரவுட்ஸ்ட்ரைக் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம், தனது மென்பொருளுக்கான ஒரு சிறிய தரவுக் கோப்பை அன்று வாடிக்கையாளர்களுக்கு அனுப்பியது. அந்தக் கோப்பைப் பெற்ற விண்டோஸ் கணினிகள் நீலத் திரையுடன் முடங்கின. அமெரிக்காவில் ஆயிரக்கணக்கான விமானங்கள் ரத்தாயின. பிரிட்டனில் மருத்துவர்கள் நோயாளிகளின் கோப்புகளைப் பார்க்க முடியாமல் திணறினர். இந்தியாவில் விமானப் பயணிகள் சிலருக்குக் கையால் எழுதிய போர்டிங் பாஸ்கள் வழங்கப்பட்டன.

பாதிக்கப்பட்ட கணினிகளின் எண்ணிக்கை சுமார் 85 லட்சம் என்றும், இது உலகிலுள்ள விண்டோஸ் கணினிகளில் ஒரு சதவீதத்துக்கும் குறைவு என்றும் மைக்ரோசாஃப்ட் மதிப்பிட்டது. தவறான கோப்பை கிரவுட்ஸ்ட்ரைக் 78 நிமிடங்களில் திரும்பப் பெற்றது. ஒரு சதவீதத்துக்கும் குறைவு, 78 நிமிடங்கள் என்ற இரு எண்களை மட்டும் ஓர் அறிக்கையில் படிப்பவருக்கு இது பெரிய விபத்தாகத் தோன்றாது.

ஆனால் முடங்கிய கணினிகளில் பெரும்பாலானவற்றை ஒவ்வொன்றாக, ஆட்கள் நேரில் சென்று சரிசெய்ய வேண்டியிருந்தது. நிறுவனத்தின் கணக்கில் 78 நிமிடங்களாக இருந்த கோளாறு, பயனர்களின் கணக்கில் பல நாட்களாக நீண்டது. டெல்டா விமான நிறுவனம் மட்டும் ஐந்து நாட்களில் சுமார் 7,000 விமானங்களை ரத்து செய்தது. தனக்கு ஏற்பட்ட இழப்பு 50 கோடி டாலர் என்று அது கூறியது.

அந்தக் கோப்பு சோதிக்கப்படாமல் அனுப்பப்பட்டதல்ல என்பது இங்கே கவனிக்கத்தக்கது. நிறுவனம் பின்னர் வெளியிட்ட விளக்கத்தின்படி, கணினியிலிருந்த நிரல் 20 மதிப்புகளை மட்டுமே தந்தது. புதிய கோப்போ 21ஆவது மதிப்பையும் தேடியது. கோப்புகளைச் சரிபார்க்கும் நிரலிலேயே பிழை இருந்ததால், அது கோப்புக்கு அனுமதி வழங்கியது. முந்தைய சோதனைகளில் 21ஆவது இடத்தில் எதுவும் பொருந்தலாம் என்று விடப்பட்டிருந்ததால் குறை வெளிப்படவில்லை. நிறுவனத்தின் அளவுகோலில் அந்தக் கோப்பு தேறியிருந்தது.

நாற்பது ஆண்டுகளில் இரண்டு மணி நேரம்

இத்தகைய முரண்பாடு புதிதல்ல. மென்பொருளின் நம்பகத்தன்மையை எண்ணால் வரையறுக்கும் முயற்சியில் முன்னோடியாக இருந்த இடங்களில் ஒன்று நியூஜெர்சி மாநிலம். அங்கு மர்ரே ஹில்லில் தலைமையகம் கொண்டிருந்த பெல் ஆய்வுக்கூடத்தில்தான், இன்றும் பரவலாகப் பயன்படும் சி கணினி மொழி உருவானது. தொலைபேசி இணைப்பகங்களை இயக்கும் கணினிகளுக்கு அந்த ஆய்வுக்கூடம் வகுத்த இலக்கு, 40 ஆண்டுகளில் மொத்தம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் அவை செயலிழக்கக் கூடாது என்பதாகும். அதாவது ஆண்டுக்கு மூன்று நிமிடங்கள்.

1990ஆம் ஆண்டு ஜனவரி 15ஆம் தேதி பிற்பகலில், நியூஜெர்சியின் பெட்மின்ஸ்டரில் உள்ள ஏ.டி.அண்ட்.டி. நிறுவனத்தின் கட்டுப்பாட்டு மையத்தில் எச்சரிக்கைக் குறிகள் அடுத்தடுத்துத் தோன்றின. நியூயார்க்கில் ஓர் இணைப்பகம் சிறு கோளாறு காரணமாகச் சில விநாடிகள் நின்று, பின்னர் தானாகவே மீண்டது. மீண்டுவிட்டதாக அது அனுப்பிய செய்திகளைப் பெற்ற அண்டை இணைப்பகங்கள் நின்றுபோயின. அவை மீண்டபோது அவற்றின் அண்டை இணைப்பகங்கள் நின்றன. நாடெங்கும் இருந்த 114 இணைப்பகங்களிலும் ஒரே மென்பொருள் இருந்ததால், இந்தத் தொற்று சுமார் ஒன்பது மணி நேரம் நீடித்தது. பல கோடி அழைப்புகள் இணைக்கப்படாமல் போயின.

கோளாறிலிருந்து விரைவாக மீள்வதற்காக முந்தைய மாதம் ஏற்றப்பட்ட புதிய மென்பொருளில், சி மொழியின் ஒரு கட்டளை தவறான இடத்தில் அமைந்திருந்ததே இதற்குக் காரணம் எனப் பின்னர் கண்டறியப்பட்டது. தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வோர் இணைப்பகமும் சில விநாடிகளில் மீண்டுகொண்டுதான் இருந்தது. எனினும் தொலைபேசியைக் கையில் எடுத்தவருக்கு இணைப்பு கிடைக்கவில்லை.

இந்த நிகழ்வும் இதைத் தொடர்ந்த வேறு சில செயலிழப்புகளும் ஒரு முக்கியமான மாற்றத்துக்கு வழிவகுத்தன. பெரிய அளவிலான தொலைபேசிச் செயலிழப்புகளை நிறுவனங்கள் தன்னிடம் அறிவிக்க வேண்டும் என்று அமெரிக்காவின் கூட்டாட்சித் தகவல்தொடர்பு ஆணையம் 1992இல் விதித்தது. 2004இல் இந்த விதி விரிவாக்கப்பட்டபோது, பயனர்-நிமிடம் என்ற அளவு நடைமுறைக்கு வந்தது. குறைந்தது 30 நிமிடங்கள் நீடித்து, பாதிக்கப்பட்டவர்களின் எண்ணிக்கையை நிமிடங்களால் பெருக்கினால் 9 லட்சத்தை எட்டும் செயலிழப்பு, அறிவிக்கப்பட வேண்டியதாகும்.

எந்திரம் எத்தனை நிமிடம் நின்றது என்று கேட்பதற்குப் பதிலாக, எத்தனை பேர் எத்தனை நிமிடம் தவித்தார்கள் என்று கேட்கும் அளவு இது. அதேவேளை, அந்த அறிக்கைகள் பாதுகாப்புக் காரணங்களுக்காக அதே 2004இல் பொதுமக்களின் பார்வையிலிருந்து விலக்கப்பட்டன. பயனரை மையமாகக் கொண்ட அளவு கிடைத்தது. அதைப் பயனர் பார்க்கும் வாய்ப்பு போய்விட்டது.

27,000 ஆண்டுகளா, 24 நாட்களா?

கலிஃபோர்னியாவின் சான்டா கிளாராவில் உள்ள இன்டெல் நிறுவனம் 1994இல் பெற்ற பாடம் இன்னும் கூர்மையானது. அது மென்பொருளைப் பற்றியதல்ல, பென்டியம் சில்லைப் பற்றியது. ஆனால் குறையை அளப்பதற்கும் உணர்வதற்கும் உள்ள வேறுபாட்டை அதைவிடத் தெளிவாகக் காட்டும் நிகழ்வு கணினித் துறையில் அரிது.

வகுத்தல் கணக்குக்காக அந்தச் சில்லில் பதிக்கப்பட்டிருந்த அட்டவணையில் சில மதிப்புகள் விடுபட்டிருந்தன. இதனால் குறிப்பிட்ட சில எண்களை வகுத்தபோது தவறான விடை வந்தது. வர்ஜீனியா மாநிலத்தின் கணிதப் பேராசிரியர் தாமஸ் நைஸ்லி இதைக் கண்டுபிடித்து அந்த ஆண்டு அக்டோபரில் மற்றவர்களுக்குத் தெரியப்படுத்தினார்.

சாதாரணப் பயனர் ஒருவர் இந்தப் பிழையைச் சந்திக்க 27,000 ஆண்டுகள் ஆகும் என்று இன்டெல் கணக்கிட்டது. பாதிக்கப்படுவோம் என்று நிரூபிப்பவர்களுக்கு மட்டும் சில்லை மாற்றித் தருவதாகவும் கூறியது. டிசம்பர் 12ஆம் தேதி ஐபிஎம் நிறுவனம் வேறொரு கணக்கை வெளியிட்டது. ஒரு நாளில் செய்யப்படும் வகுத்தல்களின் எண்ணிக்கையை மிக அதிகமாகக் கொண்டால், பிழை 24 நாட்களுக்கு ஒருமுறை ஏற்படக்கூடும் என்றது அது.

சில்லும் ஒன்றே, பிழையும் ஒன்றே. பயனர் என்பவர் யார், அவர் கணினியைக் கொண்டு என்ன செய்கிறார் என்ற அனுமானம் மாறியபோது விடை 27,000 ஆண்டுகளிலிருந்து 24 நாட்களாகச் சுருங்கியது. இரண்டு கணக்குகளையும் சரிபார்க்கும் வசதி பொதுமக்களிடம் இல்லை. அவர்கள் கேட்ட கேள்வி எளிமையானது: தவறான விடை தரும் எந்திரத்தை நான் ஏன் வைத்திருக்க வேண்டும், அதை மாற்றுவதற்கு நான் ஏன் காரணம் சொல்ல வேண்டும்?

டிசம்பர் 20ஆம் தேதி இன்டெல் பணிந்தது. கேட்பவர் எவருக்கும் சில்லை மாற்றித் தர முன்வந்தது. இதற்கு அது ஒதுக்கிய தொகை 47 கோடியே 50 லட்சம் டாலர். எனினும் மாற்றித் தரும்படி உண்மையில் கேட்டவர்கள் மிகச் சிறிய பகுதியினரே. பயனர்களுக்குத் தேவைப்பட்டது புதிய சில்லைவிட, அதைக் கேட்டுப் பெறும் உரிமைதான் என்று இதைப் புரிந்துகொள்ளலாம். தரம் என்று பயனர் உணர்வதில், குறை நேர்ந்தபின் அவர் நடத்தப்படும் விதமும் அடங்கியிருக்கிறது.

பயனர்கள் சராசரிகளால் ஏன் சமாதானம் அடைவதில்லை என்பதற்கு உளவியலிலும் விளக்கம் உண்டு. நியூஜெர்சியின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவரும், 2002இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசைப் பெற்றவருமான டேனியல் கானமன், வேதனை தரும் ஓர் அனுபவத்தை மனிதர்கள் அதன் மொத்தக் கால அளவைக் கொண்டு நினைவில் வைப்பதில்லை என்று தம் சகாக்களுடன் சேர்ந்து காட்டினார். அதன் மிக மோசமான கணமும், அது முடிந்த விதமுமே மனதில் நிற்கின்றன. ஆண்டு முழுவதும் பழுதின்றி ஓடிய ஒரு வங்கிச் செயலி, மருத்துவமனையில் பணம் கட்ட வேண்டிய இரவில் நின்றுபோனால், வாடிக்கையாளர் நினைவில் வைப்பது அந்த இரவைத்தான்.

விதிப்படி இயங்கிய மென்பொருள்

மென்பொருளில் பிழையே இல்லாவிட்டாலும் பயனர் கைவிடப்படலாம் என்பதற்கு டெக்சாஸ் மாநிலத்திலேயே மற்றொரு சான்று உள்ளது. டல்லாஸ் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட சவுத்வெஸ்ட் விமான நிறுவனம் 2022ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் காலத்தில் சுமார் 16,900 விமானங்களை ரத்து செய்தது. 20 லட்சத்துக்கும் அதிகமான பயணிகள் பாதிக்கப்பட்டனர்.

தொடக்கம் பனிப்புயல். ஆனால் பிற நிறுவனங்கள் சில நாட்களில் மீண்டபோது சவுத்வெஸ்ட் மீளவில்லை. விமானிகளையும் பணியாளர்களையும் விமானங்களுக்கு ஒதுக்கும் மென்பொருள், அத்தனை மாற்றங்களை ஒரே வேளையில் கையாள முடியாமல் பின்தங்கியது. அது ஒரு தீர்வைக் கணக்கிட்டு முடிப்பதற்குள் நிலைமை மாறிவிட்டது. தாங்கள் எந்த ஊரில் இருக்கிறோம் என்று தெரிவிக்கப் பணியாளர்கள் தொலைபேசியில் மணிக்கணக்கில் காத்திருந்தனர்.

அந்த மென்பொருள் வடிவமைக்கப்பட்டபடியே இயங்கியது என்பதுதான் நிறுவனத்தின் விளக்கம். இது போன்ற நெருக்கடி வரக்கூடும் என்று விமானிகளின் சங்கம் முன்னரே எச்சரித்திருந்தது. அன்றாடம் அதைப் பயன்படுத்தியவர்களுக்குத் தெரிந்திருந்த குறை, அதை அளந்தவர்களின் எண்களில் இடம்பெறவில்லை. 2023 டிசம்பரில் அமெரிக்கப் போக்குவரத்துத் துறை அந்த நிறுவனத்துக்கு 14 கோடி டாலர் அபராதம் விதித்தது.

எதை எண்ணுகிறார்கள்?

மென்பொருள் துறை தரத்தைப் பற்றிச் சிந்திக்காமல் இருக்கவில்லை. ஆயிரம் வரி நிரலுக்கு எத்தனை பிழைகள், இரு செயலிழப்புகளுக்கு இடையே எவ்வளவு காலம், ஆண்டில் எத்தனை சதவீத நேரம் சேவை கிடைத்தது என்பவை பழகிய அளவுகள். 99.9 சதவீதம் என்றால் ஆண்டுக்கு ஏறத்தாழ எட்டே முக்கால் மணி நேரச் செயலிழப்பு, 99.999 சதவீதம் என்றால் ஐந்து நிமிடங்களுக்குச் சற்று அதிகம். அந்த எட்டே முக்கால் மணி நேரம் நள்ளிரவுகளில் சிதறி வந்ததா, தேர்வு முடிவு வெளியான ஒரே நாளில் வந்ததா என்பதை இந்தச் சதவீதம் சொல்வதில்லை.

பயனரின் உணர்வை அளக்கவும் கருவிகள் உண்டு. பிரிட்டனில் ஜான் புரூக் 1986இல் வகுத்த, பத்தே கேள்விகள் கொண்ட பயன்பாட்டு மதிப்பீட்டு முறை இன்றும் உலகெங்கும் கையாளப்படுகிறது. சர்வதேசத் தர நிர்ணய அமைப்பு 2011இல் வெளியிட்ட தரக்கட்டமைப்பு, மென்பொருளின் உள்ளார்ந்த பண்புகளையும், பயன்பாட்டில் வெளிப்படும் தரத்தையும் தனித்தனியே வகைப்படுத்தியது. பயனரின் திருப்தியும், அவருக்கு ஏற்படக்கூடிய ஆபத்தும் இரண்டாவது வகையில் சேர்க்கப்பட்டன. ஆகவே அறிவுக்குப் பஞ்சமில்லை. ஒப்பந்தங்களில் எந்த எண் எழுதப்படுகிறது என்பதே பிரச்சனை.

இது தமிழர்களுக்கு நெருக்கமான விடயமும் ஆகும். நியூஜெர்சியின் எடிசன் முதல் கலிஃபோர்னியாவின் ஃப்ரீமான்ட், டெக்சாஸின் பிளேனோ வரை, மென்பொருளை எழுதுவதிலும் சோதிப்பதிலும் பராமரிப்பதிலும் ஈடுபட்டுள்ள தமிழர்கள் ஏராளம். அவர்களில் பலருடைய பணி சென்னை, கோவை, பெங்களூரு ஆகிய நகரங்களில் உள்ள குழுக்களுடன் பிணைந்தது.

1990களின் இறுதியிலும் 2000களின் தொடக்கத்திலும் இந்திய மென்பொருள் நிறுவனங்கள் அமெரிக்கச் சந்தையில் நம்பிக்கை பெற்றதில், கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் மென்பொருள் பொறியியல் கழகம் வகுத்த ஐந்து படிநிலைச் சான்றுக்குப் பெரும் பங்கு உண்டு. மிக உயர்ந்த ஐந்தாம் நிலையைப் பெற்ற நிறுவனங்களில் பல இந்தியாவைச் சேர்ந்தவை. பெயர் தெரியாத தொலைதூர நாட்டு நிறுவனத்தை நம்பலாமா என்ற கேள்விக்கு அந்தச் சான்று விடையளித்தது. அது உண்மையான சாதனை. ஆனால் அந்தச் சான்று அளந்தது, மென்பொருளை உருவாக்கும் நடைமுறை ஒழுங்காக உள்ளதா என்பதையே. உருவான பொருள் பயனருக்கு உதவுகிறதா என்பது வேறு கேள்வி.

ஒப்பந்தப் பணிகளில் இன்று இது வேறு உருவில் தொடர்கிறது. புகார் வந்த எத்தனை மணி நேரத்தில் பதில் அளிக்கப்பட்டது, எத்தனை புகார்கள் முடித்துவைக்கப்பட்டன என்ற எண்களைக் கொண்டு குழுக்கள் மதிப்பிடப்படுகின்றன. எல்லா எண்களும் பச்சை நிறத்தில் இருக்க, வாடிக்கையாளரோ கடும் அதிருப்தியில் இருக்கும் நிலையைத் துறையினர் தர்பூசணி என்றே அழைக்கின்றனர்: வெளியே பச்சை, உள்ளே சிவப்பு. ஓர் அளவு இலக்காக மாற்றப்பட்டவுடன் அது நல்ல அளவாக இருக்கும் தகுதியை இழக்கிறது என்ற கருத்து, பிரிட்டிஷ் பொருளாதார அறிஞர் சார்ல்ஸ் குட்ஹார்ட்டின் பெயரால் அறியப்படுகிறது. புகாரை முடித்துவைப்பது இலக்கானால் புகார்கள் முடிக்கப்படும். பிரச்சனை முடியும் என்பதற்கு உத்தரவாதமில்லை.

பயனரின் சொல் நம்பப்படாதபோது

பயனர் உணர்வது வெறும் அபிப்பிராயம், நிறுவனத்தின் எண்களே உண்மை என்ற எண்ணம் எத்தனை விபரீதமானது என்பதற்கு அமெரிக்காவுக்கு வெளியே, பிரிட்டனில், மிகக் கசப்பான சான்று இருக்கிறது.

பிரிட்டிஷ் அஞ்சல் நிறுவனம் 1999 முதல் ஹொரைசன் என்ற கணக்கு மென்பொருளைப் பயன்படுத்தத் தொடங்கியது. இல்லாத பணப்பற்றாக்குறையை அது கணக்கில் காட்டியது. கிளை அஞ்சலகங்களை நடத்தியவர்கள், இவர்களில் தெற்காசிய வம்சாவளியினர் பலர், மென்பொருளில் பிழை இருப்பதாக முறையிட்டனர். மென்பொருள் நம்பகமானது என்றே நிறுவனம் தொடர்ந்து வாதிட்டது. திருட்டு, பொய்க்கணக்கு ஆகிய குற்றச்சாட்டுகளில் 900க்கும் மேற்பட்டோர் தண்டிக்கப்பட்டனர். சிலர் சிறை சென்றனர். பலர் சொத்துகளை இழந்தனர்.

மென்பொருளில் பிழைகள் இருந்ததை 2019 டிசம்பரில் உயர் நீதிமன்றம் உறுதி செய்தது. 2024 மே மாதத்தில் நாடாளுமன்றம் தனிச் சட்டம் இயற்றித் தண்டனைகளை ரத்து செய்தது. மாறாக நிரூபிக்கப்படும் வரை கணினி சரியாக இயங்கியதாகவே நீதிமன்றம் கருத வேண்டும் என்ற நிலை, இங்கிலாந்தில் 1999ஆம் ஆண்டின் சட்ட மாற்றத்துக்குப் பின் உருவாகியிருந்தது. கணினி பொய் சொல்லாது என்ற அந்த அனுமானம், மனிதர்கள் பொய் சொல்கிறார்கள் என்ற முடிவுக்கு இட்டுச் சென்றது.

விலை கொடுப்பவர் யார்?

அளவுகோல்கள் ஏன் பயனரின் பக்கம் நகர்வதில்லை என்ற கேள்விக்கான விடை, தொழில்நுட்பத்தைவிடச் சட்டத்தில்தான் அதிகம் இருக்கிறது. மென்பொருளை நிறுவும்போது நாம் படிக்காமல் ஒப்புக்கொள்ளும் உரிம ஒப்பந்தங்கள், நிறுவனத்தின் பொறுப்பைப் பெரும்பாலும் செலுத்திய கட்டணத்தின் அளவுக்குச் சுருக்கிவிடுகின்றன. 50 கோடி டாலர் இழப்பு என்று டெல்டா கூறியபோது, ஒப்பந்தப்படி தங்கள் பொறுப்பு ஒரு கோடி டாலருக்கும் குறைவான தொகையே என்று கிரவுட்ஸ்ட்ரைக்கின் வழக்கறிஞர் பதிலளித்தார்.

டெல்டா 2024 அக்டோபரில் ஜார்ஜியா மாநில நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கின் பெரும்பகுதி தொடரலாம் என்று 2025 மே மாதத்தில் நீதிபதி அனுமதித்தார். மாறாக, விமான நிலையங்களில் தவித்த பயணிகள் கிரவுட்ஸ்ட்ரைக் மீது தொடுத்த வழக்கை, ஆஸ்டினில் உள்ள கூட்டாட்சி நீதிமன்றம் 2025 ஜூனில் தள்ளுபடி செய்தது. அந்த மென்பொருளின் பெயரைக்கூட அதற்கு முன் அறிந்திராத பயணிகளே அதன் இறுதிப் பயனர்கள். அவர்களுக்கு ஒப்பந்தமும் இல்லை, பரிகாரமும் கிட்டவில்லை.

குறைபாடுள்ள மென்பொருளுக்கான பொறுப்பைத் தயாரிப்பாளர்கள் மீது மாற்ற வேண்டும் என்று அமெரிக்காவில் பைடன் நிர்வாகம் 2023 மார்ச்சில் வெளியிட்ட இணையப் பாதுகாப்புக் கொள்கை கூறியது, அது சட்டமாகவில்லை. ஐரோப்பிய ஒன்றியம் ஒரு படி முன்னே சென்றுள்ளது. 2024இல் அது ஏற்றுக்கொண்ட பொருள் பொறுப்புச் சட்ட நெறி, மென்பொருளையும் ஒரு பொருளாகவே கருதுகிறது. உறுப்பு நாடுகள் இதைத் தம் சட்டமாக்க 2026 டிசம்பர் 9ஆம் தேதி வரை கெடு விதிக்கப்பட்டது. உடற்காயம், சொத்துச் சேதம், தரவு அழிவு ஆகியவற்றுக்கு இது பொருந்தும். விமானத்தைத் தவறவிட்ட பயணியின் இழப்பு போன்றவை இதில் அடங்கா.

பிழையே இல்லாத மென்பொருளை எவரும் எதிர்பார்க்க முடியாது. நூறு சதவீத நம்பகத்தன்மையை இலக்காக வைப்பது தவறு என்ற கருத்தைக் கலிஃபோர்னியாவின் மவுன்டன் வியூவில் உள்ள கூகுள் நிறுவனத்தின் பொறியாளர்களே முன்வைத்துள்ளனர். எவ்வளவு பிழையைச் சகிக்கலாம் என்று முன்கூட்டியே வரையறுத்து, அந்த அளவு தீர்ந்துவிட்டால் புதிய மாற்றங்களை நிறுத்திவைப்பது அவர்களின் வழிமுறை. அது நியாயமான அணுகுமுறையே. ஆனால் அந்தச் சகிப்பின் எல்லையை வகுக்கும் இடத்தில் பயனரும் இருக்க வேண்டும்.

ஒரு நிறுவனமோ அரசுத் துறையோ தன் மென்பொருள் தரமானது என்று எண்களைக் காட்டும்போது கேட்கத்தக்க கேள்விகள் மூன்று. இந்த எண் எந்திரத்தின் நிமிடங்களைக் கணக்கிடுகிறதா, மனிதர்களின் நிமிடங்களையா? இது சராசரி நாளைக் காட்டுகிறதா, மிக மோசமான நாளையா? குறை நேர்ந்தால் அதன் செலவை ஏற்கப்போவது யார்? மூன்றாவது கேள்விக்கு விடை மாறாதவரை, முதலிரண்டு கேள்விகளுக்கும் பயனருக்குச் சாதகமான விடை தானாக வந்துவிடும் என்று எதிர்பார்க்க இந்த வரலாற்றில் ஆதாரம் குறைவு.